ஒரே இருமல், மூன்று சட்டம்

பல்கலைக்கழக ஊழியர் நோயில் விழுந்தால் எத்தனை நாள் சம்பளத்துடன் ஓய்வெடுக்கலாம்? விடை நோயைப் பொறுத்தது அல்ல. பணிக் கடிதத்தில் யார் கையெழுத்திட்டார் என்பதைப் பொறுத்தது. மும்பையின் சீத்தா கேம்ப் போன்ற குடியிருப்புகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

காசநோய்க் கிருமிக்குப் பணி நியமன ஆணையைப் படிக்கத் தெரியாது. பேராசிரியரின் நுரையீரலும் அவர் அறையைப் பெருக்கும் பெண்ணின் நுரையீரலும் அதற்கு ஒன்றுதான். சிகிச்சையும் ஒன்றுதான்: குறைந்தது 6 மாதம், ஒரு நாள் விடாமல் மாத்திரை. வித்தியாசம் தொடங்குவது மருத்துவச் சீட்டோடு அலுவலகத்துக்குப் போகும்போதுதான். ஒருவருக்கு முழுச் சம்பளத்துடன் விடுப்பு. இன்னொருவருக்கு, வராத நாளுக்குக் காசில்லை. மூன்றாமவருக்குச் சட்டப்படி கணிசமான உரிமை ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலும் அவருக்குத் தெரியாது.

இந்த மூன்று நிலைகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க மும்பையின் கிழக்கு ஓரம் பொருத்தமான இடம். சீத்தா கேம்ப்பிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வரிசையாக நிற்கின்றன. 1936ல் தொடங்கி, பின்னர் தேவனாருக்கு இடம்பெயர்ந்த டாடா சமூக அறிவியல் கழகம். அதற்கு அருகிலேயே 1956ல் பிறந்த மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். அணுசக்தி நகரில் ஹோமி பாபா தேசிய நிறுவனம். இவற்றோடு மான்கூர்டில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஒரு பிரிவான ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். சமூக நலம், மக்கள்தொகை, அணு ஆராய்ச்சி என்று நாட்டின் பெரிய படிப்புகள் நடக்கும் வட்டாரம் இது.

இதே வட்டாரம்தான் மாநகராட்சியின் எம்-கிழக்கு வார்டு. 1927லிருந்து நகரத்தின் குப்பை வந்து குவியும் தேவனார் மேடு இங்கே இருக்கிறது. காசநோய் அதிகமாகப் பதிவாகும் மும்பை வார்டுகளில் இதுவும் ஒன்று. காற்று நுழையாத நெருக்கமான வீடுகளில் ஒருவர் இருமினால் போதும், மற்றவருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறப்படுத்தப்பட்டவர்களின் ஊர்

சீத்தா கேம்ப் தானாக வளர்ந்த குடியிருப்பு அல்ல. 1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில், மான்கூர்டின் ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. சுமார் 70,000 பேர் டிராம்பேயின் சதுப்பு ஓரத்துக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். கூடவே மலையாளிகள், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள், மராட்டியர்கள். அந்த இடிப்பை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். பிற்காலத்தில், 2000ல், மகசேசே விருது பெற்றார். 2018ல் மறைந்தார்.

அன்று இறக்கிவிடப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று என்ன செய்கிறார்கள்? பலர் படித்து மேலே வந்துவிட்டார்கள். ஆனாலும் இந்த வட்டார அலுவலகங்களிலும் கல்வி வளாகங்களிலும் பெருக்க, துடைக்க, வாசலில் நிற்க, கேண்டீனில் பரிமாற ஆட்கள் வருவது பெரும்பாலும் சுற்றியுள்ள இத்தகைய குடியிருப்புகளிலிருந்துதான். சம்பளச் சீட்டில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்காது, ஒப்பந்ததாரரின் பெயர்தான் இருக்கும். விடுப்புக் கதை இங்கேதான் திரும்புகிறது.

ஒரே வாசல் வழியாக வேலைக்கு வரும் மூன்று பேருக்கு ஒரே வாரத்தில் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் 12 ஆண்டு சர்வீஸ் உள்ள நிரந்தரப் பிரிவு அலுவலர். இரண்டாமவர் கௌரவ விரிவுரையாளர், வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம். மூன்றாமவர் ஒப்பந்ததாரர் அனுப்பிய துப்புரவுப் பெண்.

முதலாமவர்: ஒரு ரூபாய் குறையாது

மத்திய அரசின் நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக அடிப்படையாக இருப்பவை 1972ம் வருட மத்திய அரசு ஊழியர் விடுப்பு விதிகள். ஆண்டுக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்பு: ஜனவரியில் 10, ஜூலையில் 10. எடுக்காவிட்டால் சேர்ந்துகொண்டே போகும். மருத்துவச் சான்று கொடுத்தால் இரண்டு அரைச் சம்பள நாளை ஒரு முழுச் சம்பள நாளாக மாற்றிக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டால் புரியும். 12 ஆண்டில் 240 அரைச் சம்பள நாள். மாற்றினால் 120 முழுச் சம்பள நாள், அதாவது 4 மாதம். இது தவிர ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. 300 நாள் வரை சேர்த்து வைக்கலாம். அதில் 60 நாளை எடுத்தால் 6 மாதச் சிகிச்சையும் முடிந்துவிடும், சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது. கணக்கில் விடுப்பே மிச்சமில்லை என்றாலும் கதவு மூடுவதில்லை. இனி சேரப்போகும் விடுப்பை முன்கூட்டியே கடனாகத் தரவும் விதி உண்டு: சர்வீஸ் முழுவதற்கும் 360 நாள் வரை. திரும்பி வரும்போது, வேலை செய்யும் உடல்நிலையில் இருப்பதாக ஒரு டாக்டரின் சான்று. அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கும் எலும்புக்கூடு இதேதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ம் வருட விதிமுறையிலும் ஆண்டுக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்பு உண்டு. முழுச் சம்பளமாக மாற்றுவதற்கு மட்டும் சர்வீஸ் முழுவதற்கும் 240 நாள் என்று வரம்பு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்தந்த மாநில விதிகள். தமிழகத்தில் இதன் பெயர் 'மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு'. பெயரும் கணக்கும் மாறினாலும் சாரம் மாறாது: நோயாளி வேலையையும் சம்பளத்தையும் இழக்கக் கூடாது.

இந்த விதிகள் காசநோயை மறக்கவும் இல்லை. தற்காலிக அரசு ஊழியராக இருந்தாலும், ஓராண்டு தொடர் சர்வீஸ் இருந்தால், காசநோய் அல்லது தொழுநோய்ச் சிகிச்சைக்காக 18 மாதம் வரை அசாதாரண விடுப்பில் போகலாம். சம்பளம் கிடையாது, ஆனால் வேலை போகாது. காசநோய்க்கு மருந்து மட்டும் போதாது, நாட்களும் வேண்டும் என்பதை அரசு என்றோ ஒப்புக்கொண்டுவிட்டது என்பதற்கு இந்த ஒரு விதியே சாட்சி.

இரண்டாமவர்: நடுவில் விழுந்தவர்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கௌரவ விரிவுரையாளர் பேராசிரியரைப் போலத்தான் தெரிவார். விதி அவரை அப்படிப் பார்ப்பதில்லை. மானியக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அவருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய். மாதத்துக்கு 50,000க்கு மேல் போகக் கூடாது. நிரந்தர ஆசிரியருக்கு உள்ள படிகள், பென்ஷன், பணிக்கொடை, விடுப்பு எதுவும் இவருக்குக் கிடையாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. வகுப்பு எடுத்தால் காசு. இருமிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தால் பூஜ்யம்.

சரி, தொழிலாளருக்கான இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்காவது போகலாமா? அதற்குச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். மாதம் 30,000, 40,000 வாங்குபவருக்கு அந்தக் கதவும் அடைப்பு. மேலே இருப்பவருக்கு விடுப்பு விதி. கீழே இருப்பவருக்குக் காப்பீடு. நடுவில் நிற்பவருக்குச் சேமிப்பும் சொந்தக்காரர்களும்தான் கதி.

திட்ட நிதியில் ஆண்டுக்கு ஆண்டு நியமிக்கப்படுபவர்களின் நிலை சற்று மேல். அவர்களது விடுப்பு, கடிதத்தில் எழுதியுள்ளபடி. ஆனால் அந்தக் கடிதத்துக்கே எத்தனை நாள் ஆயுள்? 2024 ஜூன் 28 அன்று டாடா சமூக அறிவியல் கழகத்தில் திட்ட நிதியில் பணியாற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், ஊழியர்களுக்கு ஒப்பந்தம் முடிகிறது என்று கடிதம் போனது. காரணம், நிதி வராதது. எதிர்ப்பு கிளம்பியது, நிதிக்கு வழி பிறந்ததும் இரண்டே நாளில் அந்தக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. வேலை நிலைத்தது. ஆனால் இரண்டு நாள் நோட்டீஸில் ஆடிப்போகும் வேலையில் இருப்பவர் ஆறு மாத மருத்துவ விடுப்பு கேட்க எத்தனை முறை யோசிப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாமவர்: சட்டம் இருக்கிறது, சீட்டு இல்லை

துப்புரவுப் பெண்ணின் கதைதான் ஆச்சரியமானது. 'காண்டிராக்ட் ஆளுக்கு ஏது லீவு?' என்பது அவரும் அவர் குடும்பமும் கேட்டுப் பழகிய வசனம். உண்மை வேறு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் டாக்டர் அம்பேத்கர். அப்போது 1943ல் பி.பி. அடார்க்கர் என்ற பேராசிரியரிடம் தொழிலாளருக்கு நோய்க் காப்பீடு அமைக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் 1944ல் தந்த அறிக்கைதான் 1948ம் வருட இ.எஸ்.ஐ. சட்டத்துக்கு விதை. 1952ல் கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடக்கி வைத்தார். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது, இ.எஸ்.ஐ. திட்டம் தொடர்கிறது.

இதன் கீழ் நோய்ப் பணம் என்பது கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. காசநோய், தொழுநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்குத் தனிச் சலுகை: கூலியில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீளும். சராசரிக் கூலி நாளுக்கு 600 ரூபாய் என்றால் முதல் 91 நாளுக்கு நாளொன்றுக்கு 420; மொத்தம் 38,220 ரூபாய். அதன் பிறகு நாளொன்றுக்கு 480. இதற்காக அவர் கூலியில் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது நாளுக்கு நாலரை ரூபாய். முதலாளி தரப்பு 3.25 சதவீதம் கட்ட வேண்டும். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு தருவது மாதம் 1,000 ரூபாய் (2024 நவம்பர் வரை 500தான்). அதோடு ஒப்பிட்டால் இ.எஸ்.ஐ. பணத்தின் எடை தெரியும்.

இன்னும் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. நோய்ப் பணம் பெறும் காலத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. ஒப்பந்ததாரர் சந்தா கட்டவில்லை என்றால் பொறுப்பு முதன்மை முதலாளியின் தலையில், இங்கே பல்கலைக்கழகத்தின் தலையில், விழும். 'அது காண்டிராக்டர் விவகாரம்' என்று பதிவாளர் அலுவலகம் கைகழுவ முடியாது.

எங்கே அறுந்துபோகிறது?

சட்டம் இவ்வளவு தாராளம் என்றால் பணம் ஏன் வீடு வந்து சேர்வதில்லை? அறுந்துபோகும் இடங்கள் நான்கு.

முதலாவது, நாள் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரையிலான ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கான பலன் மூன்று மாதம் கழித்தே தொடங்கும். புதிதாகச் சேர்ந்தவர் சுமார் ஒன்பது மாதம் நோயில்லாமல் இருந்தாக வேண்டும். காசநோய்க்கான நீண்ட சலுகைக்கோ இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். அதில் 156 நாள் சந்தா வேண்டும்.

இரண்டாவது, எண். காப்பீட்டு எண் ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் டெண்டர் முடிந்து புது ஒப்பந்ததாரர் வரும்போது பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிடுவது உண்டு. அதே வாசல், அதே துடைப்பம், அதே ஆள். ஏட்டில் மட்டும் நேற்றுச் சேர்ந்த தொழிலாளி. இரண்டு ஆண்டுக் கணக்கு அங்கே கலைந்துபோகிறது.

மூன்றாவது, சான்று. வீட்டுக்குப் பக்கத்து மாநகராட்சி மையத்தில் மாத்திரை வாங்குபவர், அதுவே போதும் என்று இருந்துவிடுகிறார். நோய்ப் பணத்துக்கு இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று தேவை. இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளோ முலுண்டிலும் பரேலிலும் வொர்லியிலும் இருக்கின்றன. டிராம்பேயிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி இருமிக்கொண்டே போக வேண்டும்.

நான்காவது, விசித்திரமானது. 21,000 ரூபாய் உச்சவரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. கூலி அங்கேயே நிற்கவில்லை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விகிதப்படி, அது பொருந்தும் பெருநகர வேலையிடங்களில் துப்புரவுத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 783 ரூபாய், மாதம் 20,358. ஆயுதமில்லாக் காவலாளிக்கு நாளுக்கு 954, மாதம் 24,804. அதாவது, சட்டப்படி சம்பளம் வாங்கும் காவலாளி இ.எஸ்.ஐ. வளையத்துக்கு வெளியே நிற்கிறார். மேலே உள்ள விடுப்பு விதியும் அவருக்குக் கிடையாது. கூலி உயர்ந்ததற்குத் தண்டனை போலாகிவிட்டது.

இந்த நான்கையும் தாண்டினாலும் ஒரு பயம் மிச்சமிருக்கும். நீக்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்பது காகிதத்தில் வருவதில்லை. சூப்பர்வைசரின் வாயில் வருகிறது. அதனால்தான் பலர் நோயை மறைக்கிறார்கள். இருமலை வெயிலின் மேல் போடுகிறார்கள், புழுதியின் மேல் போடுகிறார்கள்.

விடுப்பும் ஒரு மருந்து

நோயை மறைத்து வேலைக்குப் போவதால் கெடுவது அவர் உடம்பு மட்டுமல்ல. மருந்து தொடங்கிச் சில வாரங்கள் வரை காசநோயாளியிடமிருந்து மற்றவருக்குத் தொற்றலாம். வகுப்பறை, நூலகம், விடுதி, எல்லாம் மூடிய அறைகள். அங்கே மாணவரும் பேராசிரியரும் சுவாசிப்பது ஒரே காற்றைத்தான்.

மாத்திரையைப் பாதியில் விட்டால் ஆபத்து இன்னும் பெரிது. மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகும். 2012 தொடக்கத்தில், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் என்று மும்பை இந்துஜா மருத்துவமனை டாக்டர்கள் அறிவித்தபோது உலகமே இந்த நகரத்தைத் திரும்பிப் பார்த்தது. அத்தகைய நோய்க்குப் பழைய முறையில் 9 முதல் 20 மாதம் வரை சிகிச்சை. 2024ல் அரசு அனுமதித்த புதிய மருந்துக் கூட்டில், அது பொருந்துபவர்களுக்கு, 6 மாதமாகக் குறைகிறது. எப்படியானாலும் மாதக்கணக்குதான்.

2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று மத்திய அரசு 2018ல் இலக்கு வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2015ல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகள் 2024ல் 187 ஆகக் குறைந்திருக்கிறார்கள். முன்னேற்றம்தான், ஆனால் ஒழிப்பு அல்ல. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இன்னும் இந்தியாவில் இருக்கிறார். மருந்து இலவசம், பரிசோதனை இலவசம். விலை கொடுத்து வாங்க வேண்டியது கூலி இல்லாத நாட்களைத்தான்.

ஒரு முறை செய்தது

ஒப்பந்த ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுப்பு என்பது நடக்காத காரியம் என்பவர்களுக்கு அரசே ஒரு பதிலை எழுதி வைத்திருக்கிறது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய நேரம், 2020 மார்ச் 23 அன்று, மத்திய நிதி அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அரசுத் துறைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் ஒப்பந்த, தற்காலிக, வெளியாள் ஊழியர்கள் ஊரடங்கால் வீட்டில் இருக்க நேர்ந்தால் அவர்கள் பணியில் இருந்ததாகவே கருதி ஊதியம் தர வேண்டும் என்றது. ஏப்ரல் 30 வரை அது செல்லுபடியானது. தொற்று பரவக் கூடாது என்றால் ஏழைத் தொழிலாளி வீட்டில் இருக்க வழி செய்ய வேண்டும் என்ற எளிய நியாயம் அன்று எல்லோருக்கும் புரிந்தது. காசநோயும் காற்றில் பரவுவதுதான்.

நீதிமன்றங்களும் பாதி வழி வந்திருக்கின்றன. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிப் பெண்களுக்கும் பிரசவ விடுப்பு உண்டு என்று 2000ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்தாலும் பிரசவச் சலுகை நிற்காது என்று 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பிரசவத்துக்கு நிரந்தரம், தற்காலிகம் என்ற பேதம் இல்லை என்பது சட்டமாகிவிட்டது. நோய்க்கு அந்தச் சமத்துவம் இன்னும் வரவில்லை.

அது வரும் வரை பல்கலைக்கழகங்கள் தாமாகவே செய்யக்கூடியவை உண்டு. ஒப்பந்தம் மாறும்போது ஒவ்வொரு தொழிலாளியின் பழைய காப்பீட்டு எண்ணும் புதிய பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது. மாதாமாதம் சந்தா கட்டிய ரசீதைக் காட்டினால்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் என்று நிபந்தனை போடுவது. 21,000 ரூபாயைத் தாண்டியவருக்கும் வகுப்புக்குச் சம்பளம் வாங்குபவருக்கும் காசநோய் போன்ற நோய்களுக்குச் சில வாரமாவது ஊதியத்துடன் விடுப்பு தருவது. இவை எதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கையும் சிறிது நிதியும் போதும்.

தொழிலாளி தரப்பில் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. தன் காப்பீட்டு எண்ணை எழுதி வைத்துக்கொள்வது, வேலை மாறினால் அதே எண்ணைக் கொடுப்பது, சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவது, நோய் என்று தெரிந்ததும் மாநகராட்சிச் சீட்டோடு இ.எஸ்.ஐ. டாக்டரையும் பார்த்துவிடுவது. சீத்தா கேம்ப்பில் ரேஷன் கார்டையும் 1976ம் வருட மனை ஒதுக்கீட்டுக் காகிதத்தையும் தகரப் பெட்டியில் பூட்டி வைக்கும் வீடுகள் உண்டு. இடித்துத் தள்ளப்பட்டவர்களுக்குக் காகிதத்தின் அருமை தெரியும். அந்தப் பெட்டிக்குள் இ.எஸ்.ஐ. எண்ணும் போய்ச் சேர வேண்டும்.